சிவப்புப் புள்ளியை அமத்தவா? கமரா ஃபேர்ம்வெயாருக்கு மலையகத்தில் எந்த வழி நல்லது

ஐப்பசி மாதம், பின்னேரம் மூன்று மணி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரி ஐயா போன் எடுத்தார்.

"தம்பி, கமரா ஆப்பத் தொறந்தா செவப்புப் புள்ளி ஒன்னு நிக்குது. புது வேர்ஷன் வந்திருக்காம். அமத்தவா?"

பின்னால் ரோலர் ஓடும் சத்தம். என் ஜன்னலுக்கு வெளியே சிங்கமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அமத்தாதீங்க ஐயா. நாளைக்குக் காலையில நானே வாறேன்."

அவர் கேட்டது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். கமரா பொருத்திப் பராமரிக்கும் வேலையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் அதுதான். கடைக்காரர்கள், கோயில் பரிபாலன சபைக்காரர்கள், நுவரெலியாவில் விடுதி நடத்துபவர்கள் என்று எல்லோரும் ஒரே பதிலை எதிர்பார்க்கிறார்கள்: ஆம் அல்லது இல்லை. ஒரே இடத்தில் உள்ள பத்துக் கமராவுக்குக் கூட ஒரே பதில் கிடையாது என்பதுதான் என் அனுபவம்.

முதலில் ஒரு விஷயம். ஐ.பி. கமரா என்பது வில்லை பொருத்திய ஒரு சின்னக் கணினி. பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். அதன் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் மென்பொருள்தான் ஃபேர்ம்வெயார். புதியதை ஏற்றும்போது பல கமராக்கள் பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் கரண்ட் போனால் பாதிப் பழசு, பாதிப் புதுசு என்று ஆகி, கமரா எழும்பாது. சில புதிய மொடல்கள் இரண்டு இடங்கள் வைத்திருந்து, ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எழும்பும். நம் பக்கம் மரத்திலும் சுவரிலும் தொங்குபவற்றில் அநேகம் அந்த ரகம் இல்லை.

தொடாமலே விடுவது

"ஓடுற சாமான்ல ஏன் கை வைக்கணும்?" வயரிங் பாஸ்மார் சொல்லும் வார்த்தை இது. நானும் பல வருஷம் சொன்னேன். படம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் அப்டேட் செய்ய நினைத்தால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஃபேர்ம்வெயார் மாற்றியதால் மூடுபனிக்குள் வாகன இலக்கம் தெரிய ஆரம்பித்த கமராவை நான் கண்டதில்லை.

ஆனால் ஃபேர்ம்வெயார் வெளியிடப்படுவது படத்துக்காக மட்டும் இல்லை, ஓட்டையை அடைக்கவும்தான். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள் உலகம் முழுக்கக் கமராக்களுக்கும், அவற்றின் படத்தைப் பதிந்து வைக்கும் ரெக்கோடர்களுக்கும் புகுந்தது. அதன் கையில் இருந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய யூசர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் 60-க்கு மேல் ஒரு பட்டியலாக இருந்தன, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த சாதனங்களைச் சேர்த்து அந்த வருஷம் ஒக்டோபர் 21-ஆம் திகதி இணையத்தளப் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் சேர்வர்களைத் தாக்கியதில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை பலருக்குத் திறக்கவில்லை. அந்தச் சாதனங்கள் சிலவற்றில் பாஸ்வேர்ட் ஃபேர்ம்வெயாருக்குள்ளேயே பதித்திருந்தது. திரையில் பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே இருந்தது மாறவில்லை.

2017-இல் ஹிக்விஷன் கமராக்களில் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே போகக்கூடிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. 2021 செப்டெம்பரில் அதே நிறுவனத்தின் இன்னொரு ஓட்டை வெளியானது. லாகின் செய்யாமலே கமராவுக்குள் கட்டளை ஓட்டி முழுக் கட்டுப்பாட்டையும் எடுக்கலாம். 10-க்கு 9.8 என்று கடுமை மதிப்பிட்டார்கள். அதே வருஷம் டாஹுவா என்ற இன்னொரு கம்பனியின் கமராக்களிலும் லாகினைத் தாண்டிப் போகும் ஓட்டைகள் இரண்டு தெரியவந்தன. எல்லாவற்றுக்கும் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் திருத்தம் வந்தது வேறு, உங்கள் கமராவுக்குள் அது ஏறியது வேறு.

ஆகவே, கமரா இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்தால் தொடாமல் விடும் வழி கிடையாது. திறந்திருக்கிறதா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

போனிலிருந்தே அமத்துவது

சுகமான வழி. உற்பத்தியாளரின் சேர்வரே பொருத்தமான பைலைத் தேர்ந்து அனுப்புவதால் தப்பான பைல் ஏறும் ஆபத்து குறைவு. ஒரு வீடு, இரண்டு கமரா, வாங்கிய பில்லும் பெட்டியும் கையில் இருக்கிறது என்றால் இதுவே போதும். லேப்டொப் தூக்கிக்கொண்டு நான் வரத் தேவையில்லை.

குறை இரண்டு. பழைய அமைப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளப் பெரும்பாலான ஆப்கள் இடம் கொடுப்பதில்லை. அதைவிட முக்கியம், ஆப் சொல்வதை முழுசாக நம்ப முடியாது. ஆப்பில் "இதுவே கடைசி வேர்ஷன்" என்று நிற்கும். உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் போய்ப் பார்த்தால் அதைவிடப் புதியது கிடக்கும். கமராக்களை ரெக்கோடர் வழியாக ஆப்பில் சேர்த்திருந்தால் ஆப் ரெக்கோடரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கமராக்களை விட்டுவிடுவதும் உண்டு. பெக்டரி ஐயா கண்ட சிவப்புப் புள்ளியும் அதுதான். மறுநாள் போய்ப் பார்த்தபோது புள்ளி ரெக்கோடருக்கு உரியது. பதினொரு கமராவைப் பற்றி ஆப் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பைலை இறக்கி, கையால் ஏற்றுவது

தொழில் செய்பவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த வழி இது. என்னைக் கவிழ்த்ததும் இதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடைக்கு ஆறு கமரா போட்டேன். கொழும்பில் ஒரு கடையில் விலை குறைத்துக் கிடைத்தது. திரையில் ஆங்கிலம் வந்தது, நான் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, நல்லது செய்கிறேன் என்று நினைத்து, உற்பத்தியாளரின் சர்வதேசப் பைலை இறக்கி முதல் கமராவுக்கு ஏற்றினேன். நூறு வீதம் வரை ஓடியது. கமரா அணைந்து எழும்பியது. "டிக்" என்று ஒரு சத்தம்; இரவு, பகல் வடிகட்டி அசையும் சத்தம் அது, எழும்பும்போதெல்லாம் கேட்கும். படம் வரவில்லை. ஒரு நிமிஷத்தில் மறுபடியும் "டிக்". மறுபடியும். ஏணியில் நின்றபடி இருபது "டிக்" எண்ணியிருப்பேன். கீழே கடை முதலாளி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அவை சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கமராக்கள். இடையில் யாரோ ஃபேர்ம்வெயாரைத் திருத்தி ஆங்கிலம் காட்ட வைத்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவற்றில் சர்வதேசப் பைல் ஏறினால் ஒன்று மெனு முழுக்கச் சீனத்துக்கு மாறும், இல்லையென்றால் மொழி பொருந்தவில்லை என்று எழும்பவே எழும்பாது. கேபிள் நேரே லேப்டொப்புக்குச் செருகி, எழும்பும் முதல் சில விநாடிகளுக்குள் பழைய பைலைக் கொடுக்கும் மீட்பு முறை உண்டு. பழைய ஹிக்விஷன்களில் லேப்டொப்புக்கு 192.0.0.128 என்று முகவரி வைத்து டி.எஃப்.டி.பி. என்ற, பைல் அனுப்பும் சேர்வர் ஓட்டினால் கமரா தானாக வந்து பைல் கேட்கும். ஆனால் கொடுப்பதற்குச் சரியான பழைய பைல் வேண்டுமே! திருத்தியவனிடம்தான் அது இருக்கும். அந்தக் கமராவை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். மற்ற ஐந்தையும் அதற்குப் பிறகு தொடவில்லை.

அதனால் இப்போது லேப்டொப்பைத் திறக்க முன் ஏணி ஏறுகிறேன். ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். ஹிக்விஷன் என்றால் தொடர் இலக்கத்தின் நடுவில் எழுத்துகள் வரும், டபிள்யூ.ஆர். என்று இருந்தால் வெளிநாட்டுச் சந்தைக்கு உரியது, சி.எச். என்று இருந்தால் சீனாவுக்கு உரியது. சி.எச். என்றால் அந்தக் கமராவுக்கு இந்த வழி மூடியாகிவிட்டது. ஸ்டிக்கரே இல்லாமலோ, கேள்விப்படாத பெயர் ஒட்டியோ வரும் கமராக்களும் அப்படித்தான். உள்ளே யாருடைய பலகை இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பைலும் ஏற்றக் கூடாது.

ஸ்டிக்கர் சரி என்றால் அடுத்தது பில்ட் எண். ஹிக்விஷனில் வேர்ஷனுக்குப் பின்னால் ஆறு இலக்கம் வரும், அது திகதி: 190813 என்றால் 2019 ஓகஸ்ட் 13. மேலே சொன்ன 2021 ஓட்டையில் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் பட்டியலிட்ட மொடல்களுக்கு, பில்ட் 210625-க்கு முந்தியதாக இருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். இப்படி ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் வாடிக்கையாளரோடு வாக்குவாதம் மிச்சம்.

அப்புறம் கரண்ட். தோட்டப் பக்கம் கம்பியில் மரம் விழுவது புதினம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் பின்னேர இடி நிச்சயம். அந்த மாதங்களில் நான் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு ஃபேர்ம்வெயார் ஏற்றுவதில்லை. வைகாசியிலிருந்து தென்மேல் மழை பிடித்துவிட்டால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் காலை, மாலை என்ற பேதமே கிடையாது. பதுளை, வெலிமடைக்காரர்களுக்கு மார்கழி, தை மழைக்காலம். அவர்களுக்குக் கணக்கு வேறு. காலையில் செய்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அது ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பெக்டரிகளில் வேலை செய்ய நான் விரும்பிக் கேட்கும் நேரம் அதுதான்.

எனவே யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலை இல்லை. எட்டுக் கமரா ஒரு பி.ஓ.இ. சுவிட்சில், அதாவது நெட்வேர்க் கேபிளிலேயே கரண்ட்டும் கொடுக்கும் சுவிட்சில், ஓடினால் மொத்தம் 60 வாட் அளவில்தான் இழுக்கும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 650 விஏ சாதாரண யூ.பி.எஸ். கால் மணிநேரம் தாங்கும். ஒரு கமராவுக்குத் தேவை ஐந்து, பத்து நிமிடம். கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருக்கும் கமராவை முடிக்க விட்டு, அடுத்ததைத் தொடங்காமல் இருந்தால் சரி. யூ.பி.எஸ்ஸில் லேப்டொப்பையும் ரவுட்டரையும் செருகிவிட்டு சுவிட்சைச் சுவரில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கமராவுக்குக் கரண்ட் போவது சுவிட்சிலிருந்துதான்.

ஒரே மொடலில் பல கமரா இருந்தால் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதற்கு முதலில் ஏற்றுங்கள். ஒரு இரவு ஓட விட்டுப் பார்த்து, மற்றவற்றுக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அமத்தலில் ஏற்றும் மென்பொருள்களை உற்பத்தியாளர்களே தருகிறார்கள். அறுபது கமரா உள்ள இடத்துக்கு அது சரி. பதினொன்றுக்கு வேண்டாம், தப்பினால் பதினொன்றும் தப்பும்.

ஏற்றி முடிந்ததும் வேலை முடிந்தது என்று இறங்கிவிடாதீர்கள். வேறு வேறு கம்பனிச் சாமான்கள் ஒன்றோடொன்று பேச ஒன்விஃப் என்று ஒரு வசதி உண்டு, புதிய ஃபேர்ம்வெயார் சிலது அதை அணைத்துவிடும்; ரெக்கோடர் வேறு கம்பனியுடையது என்றால் திரை கறுத்துவிடும், கமராவுக்குள் போய் மறுபடியும் இயக்கி, அதற்கென்று தனி யூசர் உருவாக்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினீர்கள் என்றால் ரெக்கோடரிலும் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் ரெக்கோடர் பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பத் தட்ட, கமரா அதைத் திருடன் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். நேரத்தையும் பாருங்கள். அமைப்புகள் அழிந்து சீன நேரத்துக்குப் போன கமரா நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும். இரவு பதினொன்றுக்குப் போன கொழுந்துச் சாக்கு, வீடியோவில் அடுத்த நாள் ஒன்றரைக்குப் போகும். பொலிஸில் கொண்டுபோய்க் காட்டும்போதுதான் அது பெரிய பிரச்சினை ஆகும்.

கதவைப் பூட்டிவிட்டுப் பழையதையே ஓட்டுவது

ஃபேர்ம்வெயார் ஏற்ற முடியாத, ஏற்றப் பயமான கமராக்களுக்கு இதுதான் என் பதில். ஏற்றக்கூடியவற்றுக்கும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

டவுனில் ஃபைபர் இணைப்பு உள்ள கடைகளில் ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்து போர்ட் ஃபோர்வேடிங் பக்கத்தைப் பாருங்கள்; வெளியிலிருந்து உள்ளே வர இலக்கமிட்ட கதவுகளைத் திறக்கும் இடம் அது. பல வருஷம் முன்னால் யாரோ ஒரு பாஸ், வெளியிலிருந்து படம் பார்ப்பதற்காக 80, 8000, 554 என்று வரிசையாகத் திறந்துவிட்டுப் போயிருப்பார். அந்த வரிகளை அழியுங்கள். யூ.பி.என்.பி. என்று ஒன்று இருக்கும், கேட்காமலே கதவு திறக்கும் வசதி அது, அதையும் அணையுங்கள். தோட்டங்களில் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர்தான். பல பேர் ஒரே வெளி முகவரியைப் பகிர்வதால் அங்கே போர்ட் திறந்தாலும் பொதுவாக வேலை செய்யாது. நம் பக்கத்துக்கு அது தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு.

அடுத்து, கமராவின் நெட்வேர்க் அமைப்பில் கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது யாருக்கும் இல்லாத ஒரு முகவரியைப் போடுங்கள். கமராவுக்கு வெளியே போக வழி தெரியாது, ரெக்கோடரோடு மட்டும் பேசும். பின்பக்கத்திலேயே பி.ஓ.இ. துளைகள் உள்ள ரெக்கோடர் என்றால் இன்னும் சுலபம்: அதில் நேரே செருகிய கமராக்கள் பொதுவாக ரெக்கோடரின் சொந்தச் சின்ன வலையமைப்புக்குள் இருக்கும். அப்போது வெளியே முகம் காட்டுவது ரெக்கோடர் ஒன்றுதான். அதன் ஃபேர்ம்வெயாரை ஒழுங்காகப் புதுப்பித்தால் பெரும்பங்கு வேலை முடிந்தது.

இதற்கும் ஓட்டை உண்டு. நுவரெலியாவில் ஒரு விடுதியில் வெளிக்கதவுகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். வரவேற்பு மேசையில் விருந்தினருக்கான வை-ஃபை பாஸ்வேர்ட் அட்டையில் எழுதி வைத்திருந்தது. என் போனில் அதைப் போட்டேன். பதினைந்து விநாடியில் நடைபாதைக் கமராவின் லாகின் பக்கம் என் கையில். ஏப்ரல் சீசனில் அந்த வை-ஃபையில் எத்தனை பேர் இருப்பார்கள்! விருந்தினர் வலையமைப்பைத் தனியாகப் பிரித்த பிறகுதான் அந்த இடத்துப் பில்லை எழுதினேன்.

புதிதாக வாங்குவது

உற்பத்தியாளர் கைவிட்ட மொடல், சி.எச். ஸ்டிக்கர், பெயர் தெரியாத கமரா, அதோடு இன்டர்நெட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை: இவை ஒன்றாக வந்தால் மாற்றுங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு எத்தனை வருஷத்துக்கு ஃபேர்ம்வெயார் தருவார்கள் என்றும் கேளுங்கள். அக்சிஸ் போன்ற நிறுவனங்கள் புதிய வசதிகள் சேரும் பாதை ஒன்றும், வசதி சேர்க்காமல் ஓட்டை மட்டும் அடைக்கும் நீண்டகாலப் பாதை ஒன்றும் தனித்தனியே வைத்திருக்கின்றன. இரண்டாவது எனக்குப் பிடிக்கும், விலை எல்லோருக்கும் பிடிக்காது.

சரி, பெக்டரிக்கு வருவோம். காலை எட்டு மணிக்கு யூ.பி.எஸ்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். முதலில் ரெக்கோடர்: அமைப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். பெக்டரிக்குள் இருந்த எட்டும் டபிள்யூ.ஆர்., எட்டும் பழைய பில்ட். ரோலர் பக்கத்துக் கமராவுக்கு முதலில் ஏற்றி, மறுநாள் வந்து மற்ற ஏழையும் முடித்தேன். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் இருந்ததன் ஸ்டிக்கரைத் துடைக்கவே கால் மணிநேரம் போனது, அவ்வளவு தேயிலைத் தூசி. வாயில் பக்கத்து இரண்டும் சி.எச்.; கேட்வேயைக் காலியாக்கிவிட்டுத் தொடாமல் விட்டேன்.

மிஞ்சியது கொழுந்து மடுவத்துக் கமரா. அரை மைலுக்கு அப்பால், கம்பத்தின் உச்சியில், வயர்லெஸ் பாலத்தில் ஓடுகிறது. அங்கே யூ.பி.எஸ். இல்லை. கெட்டுப்போனால் அந்த வழுக்கலில் ஏற ஆளும் இல்லை. அதற்கும் கேட்வேயை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஐயா போனைத் திறந்து பார்த்தார். "புள்ளி போயிருச்சே தம்பி. அப்ப எல்லாம் சரிதானே?"

"புள்ளி போயிருச்சு ஐயா. மடுவத்துக் கமராவுக்குத் தை மாசம் வெயில் வந்ததும் ஏணியோட வாறேன்."